பதில் சொல்ல ஐந்து நாள்

முதல் நாள்: மயிலாடி

காலாண்டுத் தேர்வு விடுமுறை தொடங்கிய மறுநாள் காலை, மாற்றுத் துணியும் வேதாகமமும் ஒரு நோட்டும் வைத்த தோள்பையோடு மார்த்தாண்டத்தில் நாகர்கோவில் பேருந்தில் ஏறினேன். வரும் சனிக்கிழமைக்குள் எங்கள் ஆயருக்கு நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். வீட்டிலேயே இருந்து யோசித்தால் முடியாது என்ற பதில்தான் வரும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆகவே, தன் பலம் போதாது என்று தெரிந்தும் அழைப்புக்கு இணங்கியவர்கள் நடந்த இடங்களை, இந்தக் குமரி மாவட்டத்துக்குள்ளேயே, ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று கிளம்பினேன். அன்றன்று கண்டதை அன்றிரவே எழுதிவிடுவதாக எண்ணம்.

காரியம் இதுதான். எங்கள் சேகரத்தில், அதாவது எங்கள் ஆயரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்தில், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய், அருகில் அமர்ந்து, வேதம் வாசித்து, ஜெபித்துவரும் பணியை 22 ஆண்டுகளாக ஒரே பெண்மணி செய்துவந்தார். சபையில் சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் பெரியக்கா. மூன்று மாதங்களுக்கு முன் பார்வை மங்கியதால் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயர் என்னை நிறுத்தி, பெரியக்காவின் பழுப்பு நிறத் துணிப்பையை நீட்டி, "டீச்சர், இத யாருகிட்ட குடுக்கணும்னு ஜெபிச்சப்போ உங்க பேருதான் மனசுல வந்தது. அவசரமில்ல, சனிக்கிழமை சொன்னாப் போதும்" என்றார். பையை வாங்கிக்கொண்டேன், திறக்கவில்லை. திறந்தால் சம்மதம் சொன்னதாகிவிடும் என்று தோன்றியதால் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நான் தயங்குவதற்குக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அப்பா எங்கள் வீட்டில்தான் ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தார். கடைசி நாளின் மாலையில், கஞ்சித் தண்ணீரை ஸ்பூனில் எடுத்து நான் வாயருகே கொண்டுபோனபோது, அதை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, "மக்களே, ஒரு ஜெபம் பண்ணு" என்றார். இருபது ஆண்டுகள் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். "அன்புள்ள ஆண்டவரே" என்று தொடங்கினேன். அடுத்த சொல் வரவில்லை. நெஞ்சு அடைத்துக்கொண்டது. அவர் கண்ணை மூடிக் காத்திருந்தார்; நான் கால்மாட்டில் போய் உட்கார்ந்து அவருடைய பாதங்களைப் பிடித்துக்கொண்டேன். விடியற்காலையில் அவர் போய்விட்டார். பெற்ற தகப்பனுக்கு ஒரு ஜெபம் சொல்ல வாய் வராதவள், ஊராரின் கட்டிலருகே எந்த முகத்தோடு போய் உட்காருவது?

மயிலாடியில் இறங்கியதும் காதில் விழுவது உளிச் சத்தம். சாலையின் இருபுறமும் சிற்பக்கூடங்கள். முகம் மட்டும் தெளிந்து, உடல் இன்னும் பாறையாகவே இருக்கும் சிலைகள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பெரியவர் வேலையை நிறுத்தி, கல்தூசியை வாயால் ஊதிவிட்டு, கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடியும் உளியை வைத்தார். நான் நின்ற பத்து நிமிடத்தில் ஒரு நகத்தளவு கல்தான் போயிருக்கும்.

இந்த ஊர்க்காரர்தான் மகாராசன் வேதமாணிக்கம். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் கிறிஸ்துவைக் குறித்துக் கேள்விப்பட்டு, ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார். தன் சனங்களுக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று அவர் தேடிப் போய் அழைத்ததன் பேரில், வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் 1806ஆம் ஆண்டு திருவிதாங்கூருக்குள் வந்தார். தென்திருவிதாங்கூரின் சீர்திருத்தத் திருச்சபை வரலாறு இவர்கள் இருவரிலிருந்தே தொடங்குகிறது. 1809இல் இங்கே ஆலயம் எழும்பியது.

எங்கள் பக்கத்துப் பிரசங்கங்களில் ரிங்கல்தௌபேயை ஒரு வெற்றி வீரரைப் போலச் சொல்வார்கள். எனக்கு அவருடைய மறுபக்கம்தான் இன்று முக்கியமாகப் பட்டது. இங்கே வருவதற்கு முன்பே கல்கத்தாவுக்கு ஊழியராக அனுப்பப்பட்டு, இரண்டு ஆண்டு அளவிலேயே மனமுடைந்து, ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போனவர் அவர். ஒருமுறை விட்டுவிட்டு ஓடியவர் என்று அவரைச் சொன்னால் தவறாகாது. அப்படிப்பட்டவரைத்தான் ஆண்டவர் இரண்டாம் முறையும் கப்பலேற்றி மயிலாடிக்குக் கொண்டுவந்தார். பத்து ஆண்டுகள் உழைத்து உடல் நலிந்து, 1816இல் பொறுப்பை வேதமாணிக்கத்தின் கையில் விட்டுவிட்டு இங்கிருந்து போனார். அதன் பின் கடற்பயணத்தில் அவர் என்ன ஆனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தான் தொடங்கிவைத்தது என்னவாயிற்று என்று அவரும் அறியாமலேயே போயிருப்பார்.

'தேவன் தகுதியுள்ளவர்களை அழைப்பதில்லை, அழைத்தவர்களைத் தகுதிப்படுத்துகிறார்' என்று எங்கள் கூட்டங்களில் அடிக்கடி சொல்வார்கள். கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் அழைப்புக்கும் தகுதிக்கும் நடுவில் கிடக்கும் ஆண்டுகளை அந்த வாக்கியம் எளிதாகத் தாண்டிவிடுகிறது. அந்த ஆண்டுகளில் ஒரு மனிதன் எப்படி நாளைக் கடத்தினான் என்பதைத்தான் நான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இரவு நாகர்கோவிலில் சித்தி வீட்டில் தங்கல்.

இரண்டாம் நாள்: காற்றாடிமலையும் கோட்டாறும்

ஆரல்வாய்மொழியில் காற்றுக்கு ஓய்வே இல்லை. கணவாய் வழியாக அது நுழைந்து வரும் வேகத்தை, திரும்பிய பக்கமெல்லாம் சுழலும் காற்றாலைகள் காட்டுகின்றன. காற்றாடிமலை என்ற பெயர் அந்தக் காலத்தவர்கள் பார்த்து வைத்த பெயர்தான். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன்.

1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்டது இங்கேதான். 1712இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்து, மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் அரண்மனை ஊழியத்தில் இருந்தவர், 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார், 1749இல் சிறைப்பிடிக்கப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் ரோமாபுரியில் புனிதராக அறிவிக்கப்பட்டார். குருவானவர் அல்லர், உபதேசியாரும் அல்லர், குடும்பஸ்தர். இந்தியாவின் பொதுநிலையினரில் புனிதர் பட்டம் பெற்ற முதல் மனிதர். நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள். ஆனாலும் இந்த மலையில் நிற்கும்போது எந்தச் சபை என்ற எண்ணம் எழவில்லை.

என் சிந்தையெல்லாம் அவரிடம் முதலில் பேசிய ஆளைப் பற்றியே இருந்தது. கால்நடைகளும் உடைமையும் அழிந்து நீலகண்டன் துவண்டிருந்த வேளையில், டிலனாய் என்ற படைத்தலைவர் அவருக்கு, வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்து துன்புற்ற யோபுவின் வரலாற்றைச் சொன்னதாகக் கூறுவார்கள். யார் இந்த டிலனாய்? 1741இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுக்காரர்களோடு வந்தவர். பிடித்த அரசனுக்கே பின்னர் படை பயிற்றுவித்தவர். போதகம் செய்ய யாரும் அவரை அனுப்பவில்லை. பேசிய மொழியும் அவருடையதன்று. துயரத்தில் இருந்த ஒருவனின் அருகில் இருக்க நேர்ந்தபோது, தனக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொன்னார், அவ்வளவுதான்.

அதிலும் அவர் சொன்னது யோபுவின் கதை. மலையடிவாரத்தில் ஒரு நிழலில் உட்கார்ந்து அந்தப் பகுதியை மறுபடியும் வாசித்தேன். யோபுவின் நண்பர்கள் மூவரும் வந்து, அவருடைய துக்கம் மகா கொடியது என்று கண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடுகூடத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தவறத் தொடங்கியது எட்டாம் நாளில், வாயைத் திறந்த பிறகுதான். இந்த அதிகாரத்தை எத்தனையோ முறை ஞாயிறு பள்ளியில் நடத்தியிருக்கிறேன். அந்த ஏழு நாளை ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டு, விவாதத்துக்குப் போய்விடுவதே என் வழக்கம்.

மணியடிச்சான் பாறையை ஒரு பெண் குழந்தை சிறு கல்லால் தட்டிக்கொண்டிருந்தாள். கணீரென்று ஒலித்தது. "அம்மா, உள்ள மணி இருக்கா?" என்று கேட்டாள். அவளுடைய அம்மை, "உள்ள ஒண்ணும் கிடையாது மோளே, கல்லுதான்" என்றார். அவள் நம்பவில்லை, காதைப் பாறையோடு ஒட்ட வைத்துக்கொண்டு மறுபடியும் தட்டினாள்.

மதியத்துக்கு மேல் கோட்டாறு. தேவசகாயத்தின் உடல் அடக்கம் செய்யப்பட்ட புனித சவேரியார் பேராலயத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கடற்கரையில் போதிக்க வந்த பிரான்சிஸ் சவேரியார் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதம் ஒன்று உண்டு. தன் தாய்மொழி பாஸ்க், இந்த மக்களின் மொழி வேறு, ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை என்று அதில் ஒளிவில்லாமல் எழுதுகிறார். இரு மொழியும் தெரிந்தவர்களைத் தேடிச் சேர்த்து, பல நாள் பாடுபட்டு ஜெபங்களைத் தமிழில் மாற்றச் செய்து, அவற்றை மனப்பாடம் பண்ணிக்கொண்டு, கையில் ஒரு மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டியிருக்கிறார். அதே ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்தார் என்பதைத்தான் நாம் பெரிதாகப் பேசுகிறோம். மனப்பாடம் செய்த அயல்மொழிச் சொற்களோடு ஒரு மனிதர் முதல் தெருவில் நுழைந்த அந்தக் காலை நேரத்தை யாரும் பேசுவதில்லை. எந்த எழுத்தில் நாக்கு பிசகுமோ, பிள்ளைகள் சிரிப்பார்களோ என்ற கலக்கம் அவருக்கு இல்லாமலா இருந்திருக்கும்?

சொந்தச் சொல் இல்லாதவர் இரவல் சொல்லோடு போகலாம் என்பது எனக்குப் புதிய செய்தி. எங்கள் சபைகளில் எழுதி வைத்து ஜெபிப்பதைச் சற்றுக் குறைவாகவே நினைப்போம். மனதிலிருந்து பொங்கி வருவதுதான் ஜெபம் என்பது பழகிவிட்டது. நானும் அப்படி நினைத்தவள்தான். அந்த நினைப்புதான் அன்று மாலை என் வாயைக் கட்டியதோ என்று இப்போது சந்தேகம் வருகிறது.

மூன்றாம் நாள்: நெய்யூர்

திங்கள்நகரில் இறங்கி நெய்யூருக்கு நடந்தே போனேன். மருத்துவமனை வாசலில் சிறிது நேரம் நின்றேன். 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவர் இங்கே தொடங்கிய மருத்துவ ஊழியம் இது. இருபதாம் நூற்றாண்டில் இங்கே பணியாற்றிய ஹோவர்ட் சாமர்வெல்லைப் பற்றி என் பாட்டா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1922இல் எவரெஸ்ட் ஏறும் குழுவில் வந்தவர் அவர். அந்த முயற்சியில் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்துபோனார்கள். அதன் பின் ஊர் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தவர், நெய்யூரில் கூட்டம் கூட்டமாகக் காத்துக் கிடந்த நோயாளிகளையும், அவர்கள் எல்லாருக்குமாக இருந்த ஒரே அறுவை மருத்துவரையும் கண்டார். லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே வந்து சேர்ந்தார். 1924இல் மீண்டும் எவரெஸ்ட்டுக்குப் போய், ஏறத்தாழ 28,000 அடி வரை உயிர்வாயுக் குப்பி இல்லாமல் ஏறி, தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும் நிலைக்குப் போய்ப் பிழைத்து வந்து, மறுபடியும் நெய்யூரில் கத்தியைக் கையில் எடுத்தார்.

ஆனால் அவருக்குத் தொழில் தெரிந்திருந்தது. அழைப்பு வந்தபோது கையில் கலை இருந்தது. எனக்கு நெருக்கமாகத் தோன்றுபவர் ஹாரி ஆண்ட்ரூஸ். 1890களில் நாகர்கோவிலில் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பின் ஊழியராக இருந்த அவர் அப்போது மருத்துவர் அல்லர். குடியிருப்பின் குளியலறையில் சில மருந்துகளை வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குப் புண் கழுவிக் கட்டத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய கேத்தரின் பூத் மருத்துவமனை. பின்னாளில்தான் அவர் முறையாக மருத்துவம் படித்தார். தெரியாமல் தொடங்கினார், தெரியாமலேயே இருந்துவிடவில்லை. விசுவாசம் என்ற பெயரில் கற்றுக்கொள்ளாமல் இருப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நோயாளியின் உடல் நம்முடைய விசுவாசத்தைச் சோதித்துப் பார்க்கும் இடமன்று.

சித்தியின் நாத்தனார் ஒருவர், ஓய்வுபெற்ற செவிலியர், இந்தப் பக்கத்தில் குடியிருக்கிறார். மாமி என்றுதான் அழைப்பேன். நான் வந்த காரணத்தைக் கேட்டதும் அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "வா மக்களே, ஒரு வீட்டுக்குப் போயிட்டு வருவோம்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டார்.

ஓட்டு வீடு. முற்றத்தில் ஒரு ஓலைக் கடவத்தில் கருப்பட்டி. உள்ளே கயிற்றுக் கட்டிலில் ஒரு பாட்டா, பனையேறியாக இருந்தவர். பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறதாம். இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் குழறல்தான். மாமி போர்வையை விலக்கியபோது அவருடைய பாதங்களைக் கண்டேன். மரமேறக் காலில் மாட்டும் தளைநார் உராய்ந்து உராய்ந்து, கணுக்காலைச் சுற்றிலும் பாதத்தின் மேற்புறத்திலும் தோல் கறுத்து, பனஞ்சிராம்பு போலத் தடித்திருந்தது. நெஞ்சிலும் அதே தழும்பு. காலையும் மாலையும் அக்கானி என்னும் பதநீர் இறக்க எத்தனை ஆண்டுகள் அந்த நெஞ்சு மரத்தோடு உராய்ந்ததோ. அந்தக் காலை இப்போது ஒருவர் தூக்கி வைத்தால்தான் இடம் மாறும்.

மாமி எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே நான் செய்தேன். முதலில், விரிப்பின் ஓரத்தை உடலை ஒட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கையை இழுக்கவே கூடாது, விழுந்த பக்கத்துத் தோள் நழுவிவிடும். விரிப்போடு சேர்த்து உடலைத் திருப்ப வேண்டும். முதுகுக்கு ஒரு தலையணை, இரு முழங்கால்களுக்கும் நடுவே ஒன்று. குதிகாலும் இடுப்பெலும்பும் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்பு கண்டால் புண் வரப்போகிறது என்று அர்த்தம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படித் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். பிறகு, சுத்தமான துணியை விரலில் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து ஈறுகளைத் துடைத்தார். பாட்டா அந்தத் துணியிலிருந்த ஈரத்தை உறிஞ்சினார்.

எல்லாம் முடிந்ததும் மாமி என்னைப் பார்த்தார். எதற்கென்று புரிந்தது. இரவல் சொல்லோடு போகலாம் என்று நேற்று எழுதியது நினைவுக்கு வந்தது. வேதாகமத்தைத் திறந்து 23ஆம் சங்கீதத்தை வாசிக்கத் தொடங்கினேன். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்ற வரி சரியாகவே வந்தது. நான்காம் வசனத்தில், "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே" என்பதற்கு மேல் தொண்டை அடைத்துவிட்டது. எழுத்து கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, வாசிக்க முடியவில்லை. அப்பாவின் மூடிய கண்களே தெரிந்தன.

அப்போது அடுக்களை வாசற்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பாட்டி, தலையை நிமிர்த்தாமல், துருவுவதையும் நிறுத்தாமல், "நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன், தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று தொடர்ந்தார். மனப்பாடமாக, கடைசி வசனம் வரை அவரே சொல்லி முடித்தார். பாட்டாவின் வலது பக்க உதடு அசைந்தது. ஆறுதல் சொல்லப் போனது நான். எனக்கு வாராத வசனத்தைச் சொன்னது அந்த வீட்டு அம்மை. கிளம்பும்போது அவர் என் கையில் இரண்டு வட்டுக் கருப்பட்டியைத் திணித்து, "இனியும் வரணும் டீச்சரே" என்றார். நான் திணறியதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இரவில் யாத்திராகமத்தைத் திறந்தேன். தன் சனத்தை எகிப்திலிருந்து மீட்டுவரத் தேவன் அழைத்தபோது, எரிகிற முட்செடியின் முன் நின்று மோசே அடுக்கடுக்காகக் காரணம் சொல்கிறான். "நான் எம்மாத்திரம்" என்கிறான், நம்பமாட்டார்கள் என்கிறான், "நான் வாக்குவல்லவன் அல்ல" என்கிறான், கடைசியில் வேறு யாரையாவது அனுப்பும் என்றே கேட்டுவிடுகிறான். நாவைத் தொட்டுக் குணமாக்குவது தேவனுக்குப் பெரிய காரியமா? அவர் அதைச் செய்யவில்லை. "நான் உன்னோடே இருப்பேன்" என்றார்; பேசுவதற்கு அண்ணன் ஆரோனைத் துணையாக அனுப்பினார். திக்குவாய் திக்குவாயாகவே எகிப்துக்குப் போனது. இத்தனை ஆண்டுகளாக நான் ஆண்டவரிடம் கேட்டுவந்தது தெளிவான நாவு. என் கூட யாரை வைத்திருக்கிறார் என்று திரும்பிப் பார்த்ததே இல்லை.

நான்காம் நாள்: உதயகிரி

காலையிலிருந்தே மழை. புலியூர்க்குறிச்சியில் இறங்கி உதயகிரிக் கோட்டைக்குள் போனேன். மரங்களுக்கு நடுவே, கூரையில்லாத பழைய சிற்றாலயத்துக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1777இல் இறந்தார். லத்தீன், தமிழ் இரண்டிலும் கல்வெட்டு உண்டு. ஈரத்தில் எழுத்துகள் கறுத்துத் தெரிந்தன. தமிழ் எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுச் சிலவற்றைக் கூட்டி வாசிக்க முடிந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மண்ணில் வாழ்ந்து, இங்கேயே அடங்கியவர். கோட்டைகள் கட்டினார், பீரங்கி வார்க்கச் செய்தார், படை நடத்தினார் என்பதெல்லாம் வரலாற்றில் இருக்கின்றன. துக்கத்தில் இருந்த ஒருவனிடம் அவர் பேசிய அந்த ஒரு பொழுது எப்படி நடந்தது, எங்கே உட்கார்ந்திருந்தார்கள், எந்த மொழியில் தட்டுத்தடுமாறிச் சொன்னார் என்பதை அறிய எனக்கு மிகுந்த ஆசை. அது எங்கும் எழுதப்பட்டிருப்பதாகத் தெரியவில்லை.

அவரிடம் கேட்டவன் ஏழே ஆண்டுகளில் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்ததை அவர் உயிரோடிருந்து கேட்டிருப்பார். தன் வாயிலிருந்து புறப்பட்ட சொல் ஒருவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்ற பாரத்தை அவர் எப்படிச் சுமந்திருப்பார்? நம்பிச் செய்த காரியம் நல்லபடியாகவே முடியும் என்ற உறுதி யாருக்கும் தரப்படவில்லை. இதை எழுதும்போது எனக்கு அச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதாமல் விட்டால் இந்தப் பயணக் குறிப்பு பொய்யாகிவிடும்.

தக்கலையில் மழைக்கு ஒதுங்கி நின்று சுக்குக்காப்பி குடித்தேன். வீட்டுக்காரர் அழைத்தார். "என்ன முடிவு பண்ணின?" என்று கேட்கவில்லை. "குடை வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டார்.

ஐந்தாம் நாள்: வீடு

மதியம் வீடு வந்து சேர்ந்தேன். குளித்துவிட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெரியக்காவின் பையை இறக்கித் திண்ணையில் வைத்துத் திறந்தேன்.

உள்ளே தேய்ந்துபோன ஒரு வேதாகமம், பாமாலைப் புத்தகம், ஒரு ஸ்பூன், வெள்ளைத் துணித் துண்டுகள், சிறு நகவெட்டி, ஒரு தேங்காய் எண்ணெய்க் குப்பி. அடியில் ரப்பர் பட்டை போட்டுக் கட்டிய ஒரு நீள நோட்டு. ஜெபங்கள் எழுதியிருக்கும் என்று நினைத்துத்தான் பிரித்தேன். ஒரு ஜெபமும் இல்லை. பக்கம் பக்கமாக வீடுகள். 'வலது காது கேளாது, இடது பக்கம் உட்காரவும்.' 'பாட்டுப் பாடச் சொல்வார், எனக்குப் பாட வராது, வாசித்தேன்.' 'மருமகள் தூங்கி நாலு நாள் ஆகிறது, வெள்ளிக்கிழமை இரவு யாரையாவது அனுப்ப வேண்டும்.' 'கோபமாக இருக்கிறார். ஜெபம் வேண்டாம் என்றார். சும்மா இருந்துவிட்டு வந்தேன்.' 'இன்றும் வேண்டாம் என்றார். நகம் வெட்டிவிட்டேன்.'

மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பக்கங்களைத் தேடிப் பிடித்தேன். அப்பாவின் பெயருக்குக் கீழே பதினோரு வரிகள். பதினொரு முறை வந்திருக்கிறார். கடைசி வரியின் தேதி, அப்பா இறப்பதற்கு முந்தின நாள். அன்று மாலை மங்கும் நேரத்தில் அவர் வந்தது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அறை வாசலில் சிறிது நேரம் நின்றுவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனார். என் நிலையைக் கண்டு போய்விட்டார் என்று அப்போது வெட்கப்பட்டேன். பெரியக்காவின் சாய்ந்த கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது: 'தூங்குகிறார். முகம் தெளிவாக இருக்கிறது. மகள் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். இந்த வீட்டில் நான் இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.'

அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

நான்கு மணிக்கு ஆயரை அழைத்துச் சம்மதம் சொன்னேன். தனியாகப் போக எனக்குத் தைரியமில்லை, முதல் சில மாதங்களாவது பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒருவர் கூட வர வேண்டும் என்றும், நோயாளிகளைக் கவனிக்கும் முறையை மாமியிடம் வார இறுதிகளில் கற்றுக்கொள்ள அனுமதி வேண்டும் என்றும் கேட்டேன். "அதுக்கென்ன டீச்சர், ஏற்பாடு பண்ணிருவோம்" என்றார். பிறகு ஒரு முகவரி சொன்னார். குழித்துறைப் பாலத்துக்கு அப்பால், ஆற்றங்கரையை ஒட்டிய வீடு. படுக்கையில் இருப்பவர் 36 வயதுப் பெண்மணி. இரண்டு சிறு பிள்ளைகள்.

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். நெஞ்சு படபடப்பது நிற்கவில்லை. 23ஆம் சங்கீதத்தைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். ஸ்பூனைக் கழுவி, துணித் துண்டுகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். இந்த மழையில் திங்கட்கிழமைக்குள் காய வேண்டும்.